மேல்கரையில் இறங்கு

செவ்வாய்க்கிழமை காலை எட்டு இருபதுக்கு வாசல் மணி அடித்தது.

சுப்பண்ணன் போய்க் கதவைத் திறந்தார். அறுபதை நெருங்கும் ஓர் அம்மாள் நின்றிருந்தார். ஒரு கையில் பிளாஸ்டிக் உறை, மறு கையில் கசங்கிய பஸ் டிக்கெட்.

“ஏனுங்க, டெய்சியம்மா ஊடு இதுதானுங்களா?”

“இதேதானுங்க. உள்ள வாங்க. காங்கேயத்துல ஆறு மணி வண்டி ஏறினீங்களாக்கும்.”

அந்த அம்மாள் திகைத்து நின்றார்.

“டிக்கெட்டு கையிலயே இருக்குதுங்கக்கா. முப்பது வருசம் கிழிச்சுக் குடுத்தவன். தூரத்துல இருந்தே படிச்சுப்போடுவேன்.”

உள்ளேயிருந்து டெய்சியின் குரல் வந்தது. “துப்பறிஞ்சது போதும், சுப்பண்ணா. அவங்களுக்குத் தண்ணி குடுங்க.”

டெய்சி இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் கிளெய்ம் பிரிவில் இருந்தவர். எரிந்த பஞ்சு குடோன், கவிழ்ந்த லாரி, நனைந்த நூல் மூட்டை. எது தானாக நடந்தது, எது நடத்தப்பட்டது என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் நகரத்து ராமநாதபுரம் பகுதியில் இருந்த வீட்டை ஆட்கள் தேடி வந்தார்கள். பக்கத்து வீட்டு சுப்பண்ணன் வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிட ஆரம்பித்தவர். பிறகு கூடவே உட்கார்ந்தார். இப்போது முடிவையும் அவர்தான் முதலில் சொல்வார். அது பெரும்பாலும் தப்பாக இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு டெய்சி வேறு பக்கம் தேடுவார்.

வந்தவர் பெயர் நாச்சியம்மாள். காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருக்கிறார். கணவர் இல்லை. ஒரே மகள்.

“என்ற மக லோகப்பிரியா செத்து நாப்பத்திரெண்டு நாளாச்சுங்க, அம்மணி.”

டெய்சி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐந்து நாள் தீவுக் கப்பல். லோகப்பிரியா, அவள் கணவன் அருள்குமார், ஆறு வயது நித்யஸ்ரீ. கப்பல் தினம் ஒரு தீவுக்குப் பக்கத்தில் நிற்கும். காலையில் படகில் கரைக்குப் போய், முகத்தில் கண்ணாடியும் வாயில் குழாயும் மாட்டிக்கொண்டு, தண்ணீருக்கு மேல் மிதந்தபடி அடியிலிருக்கும் மீனையும் பவளத்தையும் பார்ப்பார்கள். மூன்றாம் நாள், மூன்றாம் தீவு. எல்லோரும் மேற்குக் கரையில் தண்ணீருக்குள் இறங்கியிருந்தார்கள். லோகப்பிரியா மட்டும் தனியாகக் கிழக்குக் கரையில் இறங்கியிருக்கிறாள். மதியம் ஒரு மீன்பிடிப் படகு அவளைத் தூக்கி வந்தது.

நாச்சியம்மாள் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “மாப்பிள்ளையோட வக்கீல் குடுத்துட்டாருங்க. விசாரணைக்கு அனுப்போணுமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வேணுமாம்.”

சுப்பண்ணன் வாங்கி உரக்கப் படித்தார். “‘கப்பலின் வழிகாட்டி ரிஃபத் என்பவர், மேல்கரையில் இறங்குங்கள் என்று மட்டும் சொன்னார். அது எந்தத் திசை என்று விளக்கவில்லை. என் மருமகன் அவர் சொன்ன சொல்லையே என் மகளுக்கு அனுப்பினார். படகுத்துறையில் வழிகாட்ட ஆளும் நிறுத்தப்படவில்லை. என் மகளின் மரணத்துக்கு வழிகாட்டியின் கவனக்குறைவே காரணம்.’”

“போட்டா?” என்றார் டெய்சி.

“போட்டா, பாப்பாவ லீவுக்கெல்லாம் காங்கேயத்துக்கு அனுப்பறேங்கறாரு. போடாட்டி இனி பாக்கவே முடியாதுங்களாம். அவ போனதுல இருந்து ஒருக்காத்தான் கண்ணுல காட்டினாரு. அதுவும் கார்ல கண்ணாடிய ஏத்தி வெச்சுட்டு.”

“அப்ப போட்டுடலாமே. என்ன தயக்கம்?”

நாச்சியம்மாள் தாளின் ஓரத்தை நீவினார். “அது நெசமான்னு தெரியோணுமுங்க. பொய்யின்னா, புள்ள முகத்த எப்படிங்க பாக்கறது?”

“ரெண்டு பேருக்கும் எப்படி?”

“பத்து மாசமாப் பேச்சில்லைங்க. பிரியா, பாப்பாவக் கூட்டிட்டு இங்கயே வந்தர்றேம்மான்னு சொன்னா. ‘நீ போ, பாப்பா வராது’ன்னு அவரு சொல்லிப்போட்டாரு. அப்பறம் அவரே, கடைசியா ஒருக்கா எங்காச்சும் போய்ட்டு வரலாம்னு டிக்கெட் எடுத்தாரு.”

“போன் இருக்கா? அந்த அஞ்சு நாள் வந்ததெல்லாம் காட்டுங்க.”

குடும்பக் குழு. சித்தப்பா, பெரியப்பா, மச்சான் என்று நாற்பது பேர். சுப்பண்ணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். முதல் நாள் அருள்குமார் எழுதியது ஆங்கில எழுத்தில் இருந்தது: வெஸ்ட் சைடு லகூன் சூப்பர், ஈஸ்ட் சைடு போகாதீங்க. இரண்டாம் நாள்: ஜெட்டிக்கு லெஃப்ட், சவுத் வெஸ்ட் கார்னர்ல ஆமை பாத்தோம். மூன்றாம் நாள் காலை ஒன்பது பன்னிரண்டுக்கு ஒரு படம். தீவின் வரைபடம். வெள்ளரிக்காய் மாதிரி நீண்ட தீவு, தாளின் குறுக்கே படுத்துக் கிடந்தது. வலது நுனியில் ஜெட்டி. ஒன்பது பதிமூன்றுக்குத் தமிழ் எழுத்தில், ‘பிரியா, மேல்கரையில் இறங்கு. கீழ்க்கரை வேண்டாம், அங்கே அலை அதிகம். நானும் பாப்பாவும் பிறகு வருகிறோம்.’ அதன் கீழே நாச்சியம்மாள் ஒரு கும்பிடு போட்டிருந்தார்.

“பாப்பாவுக்கு வாந்திங்க,” என்றார் நாச்சியம்மாள். “அவரு டாக்டர் ரூம்ல தூக்கிட்டு நின்னாராம். பிரியா எந்திரிக்கவே நேரமாயிருச்சு. எங்க எறங்கறதுன்னு வழிகாட்டி சொன்னப்போ அவ அங்க இல்ல. இவரு மட்டுந்தான் கேட்டாராம். கடைசிப் படகுல தனியாப் போயிருக்கறா.”

“கடைசியா உங்ககிட்ட எப்பப் பேசினா?”

நாச்சியம்மாள் போனை வாங்கி, கட்டைவிரலால் தேடி, ஒன்றை அழுத்தினார். அவர் அதை எத்தனை முறை கேட்டிருப்பார் என்பது அந்த விரல் போன வேகத்தில் தெரிந்தது. இரண்டாம் நாள் மாலை அனுப்பிய குரல்.

“அம்மா, இன்னிக்கு உன்னால ஒரே கூத்து. வெயில் அடிக்கும், மேபுறமா எறங்குன்னு நீ சொன்னியா, நான் மேப்ல மேல இருக்குற கரைக்குப் போயிட்டேன். அங்க ஒரு மீன்கூட இல்ல. மேபுறம்னா வெஸ்ட்டுன்னு எல்லாரும் என்னைப் புடிச்சு ஓட்டறாங்க. இவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. இவரு சிரிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா?”

போன் அணைந்தது.

“அஞ்சு வயசுல ஊட்டி ஹாஸ்டல்ல சேத்துனமுங்க. அப்பறம் மெட்ராஸ். நம்ம பேச்சு அவளுக்குப் பாதிதான் வரும்.”

“எனக்கு வெளங்கிருச்சுங்க,” என்றார் சுப்பண்ணன். “மாப்பிள்ளை சரியாத்தான் சொல்லியிருக்காரு. மேல்கரைன்னா மேக்குக்கரை. உங்க பொண்ணு முந்தின நாள் பண்ணின தப்பையே மறுநாளும் பண்ணிப்போட்டுது. விதிங்க.”

நாச்சியம்மாள் தலையாட்டினார். “அப்படித்தானுங்க எல்லாரும் சொல்றாங்க.”

டெய்சி போனைத் திருப்பித் தரவில்லை. “இது ரெண்டு நாள் எங்கிட்ட இருக்கட்டும்,” என்றார்.

* * *

புதன்கிழமை பாலக்காடு பஸ்ஸில் மதுக்கரை தாண்டும்வரை சுப்பண்ணன் பேசிக்கொண்டே வந்தார். வழிகாட்டி பயந்துபோய் ஒளிந்திருப்பதாகவும், ஒளிகிறவன் தப்புச் செய்தவன்தான் என்றும் சொன்னார்.

“அவர் ஒளியல. அக்கா வீட்டுல இருக்கார். அட்ரஸ் அவரே அனுப்பினார்,” என்றார் டெய்சி.

“அதுவும் ஒரு தந்திரமுங்க.”

ரிஃபத் பஸ் நிலையத்துக்கே வந்திருந்தான். இருபத்தேழு வயது. வெயிலில் கறுத்த முகம், சவரம் செய்து பல நாள். கப்பல் கம்பெனி வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தது. கையெழுத்துப் போட வாரம் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறான். டீக்கடை பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

“தினம் இடத்தை யார் தேர்ந்தெடுப்பா?” என்று கேட்டார் டெய்சி.

“ஞான் தன்னே, மேடம். விடியும்போதே ஒரு தடவை போய் நீந்திப் பாக்கும். காத்து எந்தப் பக்கம், தண்ணி ஏறுதா இறங்குதா, அடியில மண்ணா பாறையா.”

“முதல்ல எதைப் பாப்பீங்க? மீன் இருக்கான்னா?”

அவன் தலையை ஆட்டினான். “மீன் எங்கேயும் உண்டு. முதல்ல பாக்குறது வெளிய வர்ற வழி. இறங்குறது எல்லாருக்கும் முடியும். அறுபது வயசு ஆள் களைச்சுப்போனா எங்க கால் ஊன்றும்? அந்த இடம் இல்லேன்னா, எத்தனை அழகா இருந்தாலும் வேண்டா.”

அந்தத் தீவில் மேற்கே பவளப்பாறை வளையம். அதற்குள் இடுப்பளவு தண்ணீர், கண்ணாடி மாதிரி. அதுதான் லகூன். கிழக்கே அப்படி இல்லை. பத்தடியில் தரை முடிந்துவிடும். தண்ணீர் இறங்கும் நேரத்தில் கடல் ஆளை வெளியே இழுத்துக்கொண்டு போகும். அன்று ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர் இறங்க ஆரம்பித்திருந்தது.

“அன்னிக்கு டெக்ல என்ன சொன்னீங்க? நீங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

“படிஞ்ஞாறு சைடு லகூன் மாத்திரம். கிழக்கு பாடில்ல. நாலு தடவை சொன்னேன். பின்னே வெஸ்ட், ஈஸ்ட்னு இங்கிலீஷ்லயும் சொன்னேன். கேட்ட எல்லாரும் படிஞ்ஞாறுதான் வந்தாங்க.”

“மேல்கரைன்னு சொன்னீங்களா?”

“மேல்கரையா?” ரிஃபத் விழித்தான். “அது எந்தா, மேடம்? கடல்ல மேல எது, கீழ எது?”

“அட, மேக்குப்பா!” என்றார் சுப்பண்ணன், டீயைக் கீழே வைத்துவிட்டு.

“எனக்கு அறியில்ல, அண்ணா.”

டெக்கில் ஒட்டியிருந்த வரைபடத்தின் பிரதி ஒன்றை அவன் மடித்து வைத்திருந்தான். டெய்சி அதையும் போனில் இருந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “சுப்பண்ணா, ரெண்டும் ஒண்ணா?”

சுப்பண்ணன் குனிந்து பார்த்தார். அதே வெள்ளரிக்காய். வலது நுனியில் அதே ஜெட்டி. அச்சுத் தாளில் இடது மூலையில் ஒரு சின்ன அம்பு, இடப்பக்கம் பார்த்து, பக்கத்தில் வடக்கு என்று ஆங்கில எழுத்து. போனில் இடது ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தது.

“ஒண்ணேதானுங்க.”

“சரி,” என்று டெய்சி தாளை மடித்துப் பையில் வைத்தார்.

திரும்பும்போது சுப்பண்ணன் சொன்னார், “பையன் பொய் சொல்றானுங்க. மேல்கரைன்னாத் தெரியாதாமா. பச்சப்புள்ளைக்குத் தெரியும்.”

“எந்த ஊர்ப் பச்சப்புள்ளைக்கு?” என்றார் டெய்சி.

சுப்பண்ணன் வாளையார் வரும்வரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்.

* * *

வியாழக்கிழமை கணபதி பகுதியில் அருள்குமாரின் இரும்பு வார்ப்பு ஃபவுண்டரியைத் தேடி இரண்டு சுற்று சுற்றினார்கள். சுப்பண்ணன் போன் போட்டார். ஸ்பீக்கரில் அருள்குமார் நிதானமாக வழி சொன்னான். “மெயின் ரோட்ல இருந்து வெஸ்ட் சைடு கட் பண்ணுங்க. செகண்ட் ரைட். நார்த் ஃபேசிங் கேட்.”

“வடக்குப் பாத்த கேட்டுன்னா நாக்கு வெந்தா போகும்?” என்று முனகினார் சுப்பண்ணன், போனை வைத்த பிறகு.

அருள்குமாருக்கு முப்பத்தாறு வயது. வெள்ளைச் சட்டை. எழுந்து நின்று வரவேற்றான். டெய்சிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவனிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இடையில் ஒருவர் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தபோது, “அந்த லோடை ஈஸ்ட் எண்ட்ல எறக்கச் சொல்லுங்க,” என்றான்.

“அத்தை உங்களை அனுப்பினாங்களா? நல்லது. அவங்க மனசு தெளிஞ்சா சரி.”

“ரெண்டே கேள்வி. மேல்கரைங்கிறது வழிகாட்டி சொன்னதா?”

“ஆமா மேம். அவன் சொன்னதை அப்படியே அனுப்பினேன்.”

“அதே வார்த்தை?”

“அதே வார்த்தை.”

“மேப் படம்?”

“டெக்ல நோட்டீஸ் போர்டு. அவசரத்துல எடுத்தது.”

“ஒரு கையில பாப்பா. அந்த நேரத்துல தமிழ் எழுத்துல, எழுத்துப் பிழை இல்லாம.”

அருள்குமார் லேசாகச் சிரித்தான். “வாயால சொன்னாப் போதும், போனே எழுதிக்கும். உங்க காலத்துல இல்ல.”

டெய்சியும் சிரித்தார். “இல்லதான். நாளைக்குக் காங்கேயம் வர்றீங்களா? கையெழுத்து வாங்க?”

“பதினொரு மணிக்கு. பாப்பாவையும் கூட்டிட்டு வர்றேன்.”

வெளியே வந்ததும் சுப்பண்ணன், “தங்கமான மனுசனுங்க,” என்றார். இரண்டடி நடந்தார். பிறகு நின்றார். “மேடம். அந்தாளு நம்மகிட்டப் பேசினதுல மேக்கு, கெழக்குங்கற பேச்சே இல்லீங்களே.”

“இப்பத்தான் கண்டக்டர் வண்டியில ஏறியிருக்கார்,” என்றார் டெய்சி. அவர் சொன்ன விதத்தில் கிண்டல் இல்லை.

* * *

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. களம் முழுக்க உடைத்த தேங்காய் மூடிகள் வெயிலைப் பார்த்துக் கிடந்தன. நாச்சியம்மாள் வேலையாட்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். “கீபுறம் காஞ்சிருச்சு, அள்ளுங்க. மேபுறம் இன்னும் ஒரு நாள் கெடக்கட்டும்.” கார் வந்து நின்றதும் குரல் நின்றுபோனது. பின்சீட்டுக் கண்ணாடிக்குள் ஒரு சின்னத் தலை தெரிந்தது. கண்ணாடி இறங்கவில்லை.

அருள்குமார் தனியாக இறங்கி வந்தான். நால்வரும் களத்து ஓரத்து அறையில் உட்கார்ந்தார்கள். அவன் தாளை மேஜைமேல் வைத்து, பேனாவை அதன்மேல் வைத்தான்.

“அதுக்கு முன்னாடி கொஞ்சம் பேசணும்,” என்றார் டெய்சி. “நீங்களும் இருங்க. உங்களைப் பத்தித்தான்.”

“சொல்லுங்க மேம்.”

“இந்தத் தாள்ல ஒரே ஒரு வார்த்தைதான் விஷயம். மேல்கரை. வழிகாட்டி சொன்னதுன்னு எழுதியிருக்கு. அவர் மலையாளி. மேற்குக்கு அவர் வாயில வர்றது படிஞ்ஞாறு. இல்லேன்னா வெஸ்ட். மேல்கரைன்னா என்னன்னே அவருக்குத் தெரியல. அப்ப அது அவர் சொல் இல்ல.”

அருள்குமார் தாளின்மேல் இருந்த பேனாவை நேராக்கி வைத்தான்.

“உங்க சொல்லும் இல்ல. முதல் நாள் வெஸ்ட் சைடுன்னு எழுதினீங்க. ரெண்டாம் நாள் சவுத் வெஸ்ட். நேத்து எங்களுக்கு வழி சொன்னப்பவும் வெஸ்ட், நார்த். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை, மேல்கரைன்னு எழுதியிருக்கீங்க. மத்ததெல்லாம் ஆங்கில எழுத்து, அது மட்டும் தமிழ். ஏன்?”

“நீங்களே சொல்லுங்க.”

“அந்தச் சொல் யாரோடதுன்னு தேடினேன்.” டெய்சி நாச்சியம்மாளைப் பார்த்தார். ஒரு கணம் தயங்கினார். “உங்களோடது, நாச்சியம்மா. முந்தின நாள் மேபுறமா எறங்குன்னு நீங்க போன்ல சொன்னீங்க. அவ மேப்புல மேல் பக்கம் போயிட்டா. அந்தத் தீவுல அது வடக்கு, ஆபத்தில்லாத கரை. எல்லாரும் சிரிச்சாங்க. இவர் விழுந்து விழுந்து சிரிச்சார். மேல்னு சொன்னா அவ எங்க போவான்னு அன்னிக்கு இவர் கண்ணால பாத்தார்.”

நாச்சியம்மாளின் கை மேஜைமேல் அப்படியே இருந்தது.

“ஆனா மேடம்,” என்றார் சுப்பண்ணன். “மேபுறம்னா மேக்குன்னு அன்னிக்கே அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சுபோச்சுங்களே. மறுநாள் எப்படி ஏமாறும்?”

“அம்மா சொன்னா மேக்கு. புருஷன் சொன்னா? மேற்கை எப்பவும் வெஸ்ட்டுன்னே சொல்ற மனுஷன். அவர் ஒரு மேப்பை அனுப்பி, அதுக்குக் கீழ மேல்கரைன்னு எழுதினா, மேப்புல மேல இருக்குற கரைதான். அவ புருஷனோட பேச்சு அவளுக்கு நல்லாத் தெரியும். அதை நம்பித்தான் இவர் எழுதினார்.”

டெய்சி அச்சுத் தாளை விரித்து, பக்கத்தில் போனை வைத்தார்.

“இந்த மேப்புல தீவைக் குறுக்கே படுக்க வெச்சிருக்காங்க. வடக்கு இடது பக்கம். அப்ப மேல் பக்கம் எது?”

சுப்பண்ணன் தாளைத் திருப்பிப் பார்த்தார். அவர் வாய் திறந்தது. “கெழக்குங்க.”

“வடக்கைக் காட்டுற அம்பு இந்த இடது மூலையில இருக்கு. இவர் அனுப்பின படத்துல அந்த ஓரம் இல்ல. அம்பைப் பாத்திருந்தா அவ ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சிருப்பா. அப்புறம், இதை அவளுக்குத் தனியா அனுப்பியிருக்கலாம். குடும்பக் குழுவுல போட்டார். நாப்பது பேர். நாப்பது பேரும் இந்த ஊர்க்காரங்க. படிச்ச ஒவ்வொருத்தருக்கும் அது மேற்கு. மாப்பிள்ளை சரியாத்தான் சொன்னார்னு நாப்பது சாட்சி. நீங்களும் ஒரு கும்பிடு போட்டீங்க.”

வெளியே யாரோ தேங்காய் மூடிகளை அள்ளிக் கூடையில் கொட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை அருள்குமார் காத்திருந்தான்.

“முடிஞ்சுதா, மேம்?”

“முடிஞ்சுது.”

“படிஞ்ஞாறுன்னுதான் அவன் சொல்லியிருப்பான். நான் நம்ம பேச்சுல மாத்திப் போட்டேன். அத்தை முந்தின நாள் அந்த வார்த்தையைச் சொல்லிக் குடுத்திருந்தாங்களே, பிரியாவுக்குப் புரியும்னு நெனச்சேன்.”

“நேத்து அதே வார்த்தைன்னு சொன்னீங்க.”

“பொண்டாட்டியப் பறிகொடுத்தவன். வார்த்தை எல்லாம் ஞாபகம் இருக்குமா?” அவன் பேனாவை எடுத்து, தாளில் ஒரு வரியை அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டான். “அந்த வரி வேண்டாம். சரியா விளக்கல, ஜெட்டியில ஆள் நிறுத்தலங்கிறது மட்டும் இருக்கட்டும். அது பொய் இல்லையே. படத்தோட ஓரம் வெட்டுப்பட்டதுக்குத் தூக்குல போடுவாங்களா?”

பிறகு அவன் சுப்பண்ணன் பக்கம் திரும்பினான். குரலில் மரியாதை இருந்தது.

“ஏனுங்கய்யா, நீங்க நம்ம ஊர்க்காரர்தானே? கோர்ட்ல கூப்பிட்டுக் கேட்டா சொல்லுங்க. மேல்கரைன்னா எந்தக் கரை?”

அவன் வாயிலிருந்து ‘ஏனுங்க’ என்ற சொல் வருவதைச் சுப்பண்ணன் முதல்முறையாகக் கேட்டார். அவர் டெய்சியைப் பார்த்தார். டெய்சி அவரைப் பார்க்கவில்லை. முப்பது வருடம் ஆட்களை ஏற்றி இறக்கிய வாய். மேலப்பாளையம் மேக்கே, கீழப்பாளையம் கெழக்கே. வேறு எந்தப் பதிலும் அவரிடம் இல்லை.

“மேக்குங்க,” என்றார்.

“அவ்வளவுதான்.” அருள்குமார் எழுந்தான். “நான் கார்ல இருக்கேன், அத்தை. பத்து நிமிஷம். பாப்பாவுக்கு வெயில் ஆகாது.”

அவன் பேனாவை எடுத்துப் போகவில்லை.

அறையில் மூவரும் இருந்தார்கள். சுப்பண்ணன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் பேசியது நாச்சியம்மாள்தான்.

“இது கோர்ட்டுல நிக்குங்களா, அம்மணி?”

“நிக்காது. அவர் என்ன எழுதினாரோ அது உண்மை. அவ என்ன நெனச்சாங்கிறதைச் சொல்ல அவ இல்ல.”

“நான் போடுலீன்னா?”

“விசாரணை இழுக்கும். வேற யாராவது உறவுக்காரங்க கையெழுத்து வாங்குவார். குழந்தை அவர்கிட்டத்தான் இருக்கும்.”

“போட்டாலும் அவருகிட்டத்தான் இருக்கும்.”

“லீவுக்கு வரும்.”

“வரும்போது நான் பாத்துக்குவனுங்க. என்ன திங்கறா, எப்படித் தூங்கறா, மேல காயம் கீயம் இருக்குதா.” நாச்சியம்மாள் மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தார், தேங்காய்க் கணக்குச் சொல்வது போல. “நான் ஒருத்தி இருக்கறேன்னு அவருக்கும் தெரியும்.”

டெய்சி அச்சுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“அந்த வழிகாட்டிப் பையன் என்ன ஆவான்?”

“கவனக்குறைவால மரணம். உங்க கையெழுத்து இருந்தா கேஸ் பலமாகும். வருஷக்கணக்குல ஜெயில் ஆகலாம். அதுக்கப்புறம் எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டாங்க.”

ஜன்னலுக்கு வெளியே கார்க் கண்ணாடி பாதி இறங்கியது. உள்ளிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்து வெயிலைத் தொட்டுப் பார்த்தது. யாரோ உள்ளே ஏதோ சொன்னார்கள். கை உள்ளே போயிற்று. கண்ணாடி ஏறியது.

நாச்சியம்மாள் தாளைத் தன் பக்கம் இழுத்தார். முந்தானையால் மேஜையைத் துடைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றி, அதைப் பின்னால் மாட்டாமல் இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பையனுக்குக் கொழந்தை குட்டி இருக்குதுங்களா, அம்மணி?”